டயாலிசிஸ் செய்பவருக்குப் புரோபயாடிக் வாங்கப் போகிறீர்களா? அதற்கு முன் செய்ய வேண்டியவை

என் கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து, வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் நடக்கிறது. வீடு கொருக்குப்பேட்டையில். நோய் வந்த முதல் வருடம், ‘குடலில் நல்ல பாக்டீரியா பெருகினால் உப்பு தானாக இறங்கும்’ என்று உறவினர் ஒருவர் சொன்னார். நானும் நம்பி, அந்த நல்ல பாக்டீரியா அடங்கிய புரோபயாடிக் மாத்திரையை வாங்கினேன். மாத்திரை ஒன்று 40 ரூபாய், நாளைக்கு இரண்டு, மாதம் 2,400 ரூபாய். ஐந்து மாதத்தில் 12,000 ரூபாய் போனது. முதலில் செய்ய வேண்டியதைக் கடைசியிலும், கடைசியில் செய்ய வேண்டியதை முதலிலும் செய்திருக்கிறேன் என்று அதன்பிறகுதான் புரிந்தது. இந்த வரிசை அந்தப் பணம் கற்றுக்கொடுத்தது.

நான் மருத்துவர் இல்லை. கீழே உள்ள எதையும் உங்கள் நெஃப்ராலஜி (சிறுநீரக) மருத்துவரிடம் சொல்லிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். இன்னொன்று: இரத்தத்தில் தேங்கும் கழிவுகளான யூரியாவையும் கிரியாட்டினினையும் நம் பக்கம் ‘உப்பு’ என்றே சொல்கிறோம். சமையல் உப்பும் அதுவும் வேறு வேறு. இந்தக் குழப்பத்தாலேயே பலர் சாப்பாட்டில் உப்பை அடியோடு விட்டுவிட்டு ‘இன்னும் உப்பு இறங்கவில்லையே’ என்று காத்திருக்கிறார்கள்.

1. மாத்திரை என்ன செய்யும், என்ன செய்யாது என்று தெரிந்துகொள்ளுங்கள்

சிறுநீரகம் வெளியேற்றாத யூரியா இரத்தத்தில் தேங்கி, ஒரு பகுதி குடலுக்குள் கசிகிறது. அங்குள்ள சில பாக்டீரியா அதை அம்மோனியாவாக மாற்றுகின்றன. அது குடலின் உட்சுவரைப் புண்ணாக்குகிறது. வேறு சில பாக்டீரியா, செரிக்காமல் மிஞ்சிய புரதத்தை உடைத்து பாரா-கிரெசால், இண்டோல் என்ற பொருட்களை உண்டாக்குகின்றன. உடலுக்குள் போனதும் இவை பாரா-கிரெசில் சல்பேட், இண்டாக்சில் சல்பேட் என்ற நச்சுகளாகின்றன. நல்ல சிறுநீரகம் இருப்பவருக்கு இவை சிறுநீரில் போய்விடும். நம்மவர்களுக்கு அப்படிப் போவதில்லை. இரத்தத்தில் உள்ள ஆல்புமின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொண்டு சுற்றுவதால் டயாலிசிஸ் இயந்திரத்தாலும் இவற்றைச் சரியாக வடிகட்ட முடிவதில்லை. அதனால்தான், உண்டாகும் இடத்திலேயே குறைத்துவிட்டால் என்ன என்று ஆராய்ச்சியாளர்கள் முயல்கிறார்கள். யோசனையில் தவறு இல்லை.

விளைவு கலவையானது. 2016-இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், டயாலிசிஸ் நிலைக்கு வராத 37 சிறுநீரக நோயாளிகளைச் சேர்த்து, நல்ல பாக்டீரியாவையும் அதற்கு உணவாகும் நார்ப்பொருளையும் ஆறு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். பாரா-கிரெசில் சல்பேட் குறைந்தது. இண்டாக்சில் சல்பேட் சொல்லும்படி குறையவில்லை. 2023-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு இத்தகைய ஆய்வுகளை எல்லாம் தொகுத்துப் பார்த்தது. நோயாளிக்கு உறுதியான பலன் உண்டு என்று சொல்ல அந்தச் சான்றுகள் போதவில்லை.

கிரியாட்டினின் விஷயம் வேறு. அது தசையிலிருந்து வருவது. குடல் மாத்திரை போட்டு அதை இறக்கிவிடலாம் என்பவரிடம் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். ‘இதைச் சாப்பிட்டால் டயாலிசிஸை வாரம் ஒன்றாகக் குறைக்கலாம்’ என்று ஒருவர் என்னிடம் சொன்னார். டயாலிசிஸ் ஒரு நாள் தவறினால் பொட்டாசியம் ஏறும். பொட்டாசியம் ஏறினால் இதயம் நிற்கலாம். எந்த மாத்திரையும் டயாலிசிஸுக்கு மாற்று ஆகாது.

2. ஒரு கோப்பைத் தயார் செய்யுங்கள்

மருத்துவரிடம் ‘புரோபயாடிக் கொடுக்கலாமா டாக்டர்’ என்று வெறுங்கையோடு கேட்டால், ‘கொடுங்கள், ஒன்றும் ஆகாது’ என்றோ ‘வேண்டாம்’ என்றோ ஒரு சொல்லில் பதில் வரும். ஓபியில் நமக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். அதற்குள் அவர் முடிவெடுக்க வேண்டுமானால் தாள்கள் பேச வேண்டும். நான் இப்போது எடுத்துப் போவது இவை:

- டயாலிசிஸ் நோட்டு. ஒவ்வொரு முறையும் முன் எடை, பின் எடை, இரத்த அழுத்தம் எழுதியிருக்க வேண்டும்.
- கடைசி மூன்று மாத இரத்தப் பரிசோதனைத் தாள்கள்: பொட்டாசியம், பாஸ்பரஸ், யூரியா, ஆல்புமின், ஹீமோகுளோபின்.
- தினமும் போடும் எல்லா மருந்தின் காலி அட்டைகளும் ஒரு கவரில். பெயரை எழுதிக்கொண்டு போனால் எழுத்து மாறிவிடும். அட்டை பொய் சொல்லாது.
- ஒரு நாள் முழுவதும் வரும் சிறுநீரை அளந்த குறிப்பு. நீர் அளவை இதை வைத்துத்தான் சொல்வார்கள்.
- 14 நாள் மலக் குறிப்பு. இதைப் பற்றி அடுத்த படியில்.
- வாங்க நினைக்கும் மாத்திரைப் பெட்டியின் எல்லாப் பக்கங்களின் படம். பெட்டியையே வாங்கிவிட்டுப் போகாதீர்கள். திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

மேல் அட்டையில் பெரிய எழுத்தில் மூன்று செய்தி எழுதுங்கள். ஒன்று, டயாலிசிஸ் எந்த வழியில்: கையில் ஃபிஸ்டுலாவா (டயாலிசிஸ் ஊசி போடுவதற்காகக் கையில் இரத்தக் குழாய்களை இணைத்து வைப்பது), கழுத்தில் குழாயா, வயிற்று வழியா. இரண்டு, சர்க்கரை நோய் உண்டா. மூன்று, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து போடுகிறாரா. மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவர்களுக்கு மூன்றாவது கேள்விதான் முக்கியம். அவர்கள் மாற்று அறுவை செய்த மருத்துவர் சொல்லாமல் இந்தப் பக்கமே வரக் கூடாது.

3. மலச்சிக்கலை முதலில் தீருங்கள்

ஐந்து மாதம் நான் கோட்டை விட்டது இங்கேதான். என் கணவர் நான்கு நாளைக்கு ஒரு முறைதான் போகிறார் என்பது எனக்கே தெரியாது. கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆண்கள் இதையெல்லாம் சொல்வார்களா என்ன?

டயாலிசிஸ் செய்பவர்களுக்கு மலச்சிக்கல் வர எல்லாக் கதவும் திறந்தே இருக்கிறது. தண்ணீர் அளவோடுதான் குடிக்கலாம். பொட்டாசியத்துக்குப் பயந்து கீரையும் பழமும் விட்டுவிடுகிறோம். பாஸ்பரஸைக் கட்டும் மாத்திரையும் இரும்புச் சத்து மாத்திரையும் மலத்தை இறுக்குகின்றன. மலம் தங்கத் தங்க, புரதத்தை அழுகவைக்கும் பாக்டீரியாவுக்குக் கொண்டாட்டம். மேலே சொன்ன நச்சுகள் கூடுதலாக உண்டாகும். இன்னொரு சங்கதியும் உண்டு. சிறுநீரகம் வேலை செய்யாதபோது பொட்டாசியத்தில் கணிசமான பங்கு மலத்தின் வழியாகத்தான் வெளியேறுகிறது. எனவே மலச்சிக்கல் பொட்டாசியத்தையும் ஏற்றிவிடும். வயிற்று வழி டயாலிசிஸ் செய்பவருக்கோ, குடல் நிறைந்திருந்தால் குழாயிலிருந்து நீர் சரியாக வடியாது.

நாட்காட்டியின் பின்பக்கத்தில் 14 நாள் குறித்து வையுங்கள்: போனாரா, எத்தனை முறை, இறுக்கமா இளக்கமா, முக்க வேண்டியிருந்ததா. இந்தத் தாளைக் காட்டியபோது மருத்துவர் லாக்டுலோஸ் திரவம் எழுதிக் கொடுத்தார். அது உடலில் சேராத ஒரு சர்க்கரை. மலத்தை இளக்குவதோடு நல்ல பாக்டீரியாவுக்கு உணவாகவும் ஆகிறது. வேலை செய்ய ஒன்றிலிருந்து இரண்டு நாள் பிடிக்கும். முதல் நாளே பலன் இல்லை என்று அளவைக் கூட்டிவிடாதீர்கள். வயிற்றில் காற்று சேரும், பிறகு அடங்கும். பேதியானால் அளவைக் குறைக்கச் சொல்வார்கள். சர்க்கரை நோய் இருந்தால் அதையும் முன்பே சொல்லுங்கள்.

இங்கே விழக்கூடிய பள்ளங்கள் நிறைய:

மருந்துக் கடையில் பால் போல வெள்ளையாக ஒரு மலமிளக்கி கிடைக்கும். அதில் மெக்னீசியம் இருக்கும். சிறுநீரகம் இல்லாதவருக்கு மெக்னீசியம் உடலில் தேங்கி ஆபத்தாகும். பாட்டிலைத் திருப்பி, ‘மெக்னீசியம் ஹைட்ராக்சைடு’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வேண்டாம். பாஸ்பேட் கலந்த எனிமாவும் அப்படித்தான்.

இசப்கோல் நல்ல நார்தான். ஆனால் ஒரு ஸ்பூனுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கேட்கும். தண்ணீர் இல்லாமல் விழுங்கினால் குடலில் கெட்டியாக அடைத்துக்கொள்ளும். நாளைக்கு 800 மில்லிதான் என்று அளவு சொல்லப்பட்டவருக்கு இது ஒத்துவராது.

‘இளநீர் கொடு, இளகும்’, ‘இரண்டு வாழைப்பழம் கொடு’ என்று தெருவே சொல்லும். இரண்டும் பொட்டாசியம். அன்பாகத்தான் சொல்கிறார்கள், சிரித்துக்கொண்டே வாங்கி வைத்துவிட்டு நீங்கள் சாப்பிடுங்கள். நட்சத்திரப் பழம் யாராவது கொடுத்தால் வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள். சிறுநீரக நோயாளியின் மூளை நரம்புகளைத் தாக்கும் நஞ்சு அதில் உண்டு.

நார்ச்சத்துக்குக் காய்கறியே போதும். சுரைக்காய், புடலங்காய், முட்டைக்கோஸ், அவரை, கோவைக்காய். சிறிதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தாளியுங்கள். பொட்டாசியத்தில் ஒரு பகுதி தண்ணீரோடு போய்விடும், நார் காயிலேயே இருக்கும். கொஞ்சம் சுவையும் போகத்தான் செய்யும். பூண்டும் சீரகமும் கைகொடுக்கும்.

மூன்றாவது வாரம் அவருக்குப் பசி எடுத்தது. வாய்க் கசப்பு குறைந்தது என்றார். அப்போது வீட்டில் புரோபயாடிக் மாத்திரை ஒன்றுகூட இல்லை.

4. கழுத்தில் குழாய் இருந்தால் இங்கேயே நில்லுங்கள்

கையில் ஃபிஸ்டுலா தயாராகும் வரை என் கணவருக்குக் கழுத்துக் குழாய் வழியாகத்தான் டயாலிசிஸ் நடந்தது. ஒரு முறை கிருமித் தொற்று வந்து ஆன்டிபயாட்டிக் போட்டார்கள். வயிற்றுப்போக்கு தொடங்கியது. நான் மருந்துக் கடையில் சொல்லிக் கேட்டேன். ‘வயிற்றுக்கு நல்லதுதான்’ என்று ஒரு பொடிப் பாக்கெட்டைக் கொடுத்தார்கள். சீட்டும் கேட்கவில்லை, நோயாளிக்கு என்ன என்றும் கேட்கவில்லை. மறுநாள் டயாலிசிஸ் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதைத் தண்ணீரில் கலக்கப் போனேன். சிஸ்டர் ஓடி வந்து, “அக்கா, அதை இங்கே பிரிக்காதீர்கள்!” என்று கையைப் பிடித்துக்கொண்டார். வார்டே திரும்பிப் பார்த்தது. எனக்கு முகம் சிவந்துவிட்டது.

பாக்கெட்டில் இருந்தது சாக்கரோமைசிஸ் பௌலார்டி. அது பாக்டீரியாவே இல்லை, ஈஸ்ட் வகைப் பூஞ்சை. பிரிக்கும்போது தூள் காற்றில் பறக்கும், கையில் ஒட்டும். கழுத்துக் குழாய் நேராக இதயத்துக்கு அருகே உள்ள பெரிய இரத்தக் குழாயில் போய் நிற்கிறது. தூள் அந்த வழியாக இரத்தத்தில் கலந்தால் பூஞ்சைத் தொற்று வரும், உயிருக்கே ஆபத்தாகலாம். இத்தகைய குழாய் உள்ளவர்களுக்கு இதைக் கொடுக்கக் கூடாது என்று ஐரோப்பிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பே அறிவுறுத்தியிருக்கிறது. உங்கள் நோயாளி சாப்பிடாவிட்டாலும், பக்கத்துக் கட்டிலில் கழுத்துக் குழாயோடு ஒருவர் படுத்திருப்பார். ஆகவே வார்டுக்குள் எந்தப் புரோபயாடிக் பொடியையும் பிரிக்காதீர்கள். வீட்டில் குழந்தைக்குக் கொடுத்தாலும் வேறு அறையில் பிரித்து, கையை சோப்பு போட்டுக் கழுவிவிட்டு வாருங்கள்.

பாக்டீரியா வகை மாத்திரைகளும் குழாய் இருக்கும் வரை மருத்துவர் சொன்னால் மட்டுமே. ஃபிஸ்டுலா வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம், ஒன்றும் ஓடிவிடாது.

ஆன்டிபயாட்டிக்குக்குப் பின் வரும் வயிற்றுப்போக்கைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். அதற்கு மலப் பரிசோதனை தேவைப்படலாம். கடையில் கேட்பதை விட டயாலிசிஸ் வார்டில் சொல்வது மேல்.

5. சமையலறையில் இருப்பதைக் கணக்குப் பாருங்கள்

எங்கள் அத்தை (கணவரின் அம்மா) ராயபுரத்திலேயே பிறந்து வளர்ந்தவர். ‘பழைய சோற்றில் இல்லாத பாக்டீரியாவா? ஸ்டான்லி ஆஸ்பத்திரியிலேயே ஆராய்ச்சி செய்கிறார்கள்’ என்று செய்தித்தாளைக் கொண்டுவந்து போட்டார். ஸ்டான்லியில் பழைய சோற்றை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டது உண்மை. ஆனால் அது குடல் அழற்சி நோயாளிகளுக்கானது. டயாலிசிஸ் செய்பவருக்கு வேறு கணக்கு இருக்கிறது.

அரிசிச் சோறு தன்னளவில் நல்லதே. பொட்டாசியம் குறைவு. சிக்கல் நீராகாரத்தில். ஒரு சொம்பு குடித்தால் பாதி நாள் தண்ணீர் அளவு தீர்ந்தது. அடுத்த சிக்கல் தொட்டுக்கொள்வதில். காசிமேட்டுக் கருவாடு, ஊறுகாய், மோர் மிளகாய். ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராம் உப்புதான், அதாவது தட்டையாக ஒரு டீஸ்பூன். ஒரு கருவாட்டுத் துண்டு அதில் பெரும்பங்கைத் தின்றுவிடும். பிறகு தாகம், பிறகு தண்ணீர், பிறகு டயாலிசிஸ் அன்று எடை நான்கு கிலோ கூடுதல், பிறகு இயந்திரத்தில் தசைப்பிடிப்பு. நாங்கள் கண்ட சமரசம்: காய்ச்சி ஆறிய தண்ணீரில் ஓர் இரவு மட்டும் ஊறவைத்து, நீரை வடித்துவிட்டு, பிழிந்த சோற்றில் கெட்டித் தயிர் மூன்று ஸ்பூன், இரண்டு சின்ன வெங்காயம், உப்பு இல்லை. அத்தைக்கு அது பழைய சோறே இல்லை. அவருக்கு மட்டும் கருவாடு சுடுகிறேன், என் கணவர் வாசலில் போய் உட்கார்ந்துகொள்கிறார்.

தயிர்: வீட்டில் உறை ஊற்றியது, ஒரு நாளைக்கு 100 கிராம் வரை எங்களுக்கு அனுமதி. அதில் ஏறத்தாழ 100 மில்லிகிராம் பாஸ்பரஸும் 150 மில்லிகிராம் பொட்டாசியமும் வரும் என்று உணவு ஆலோசகர் கணக்கில் சேர்த்துக்கொண்டார். உங்களுக்கு எவ்வளவு என்பது உங்கள் பாஸ்பரஸ் தாளைப் பொறுத்தது. பாஸ்பரஸைக் கட்டும் மாத்திரையைத் தயிர் உள்ள வேளைச் சாப்பாட்டோடு போட வேண்டும். மோராகக் கடைந்தால் டம்ளர் முழுவதும் தண்ணீர்க் கணக்கில் வரும்.

இட்லி, தோசை: மாவு புளிப்பது பாக்டீரியாவால்தான். ஆனால் ஆவியில் வெந்ததும் அவை செத்துவிடும். இட்லி சாப்பிடுங்கள், அதை மாத்திரைக்கு மாற்றாக எண்ண வேண்டாம். மோர்க்குழம்பும் அதே கதை.

ஆடி மாதக் கூழ்: தெருவுக்குத் தெரு அம்மன் கோயிலில் ஊற்றுவார்கள், வேண்டாம் என்று சொல்ல மனம் வராது. கேழ்வரகில் பொட்டாசியமும் பாஸ்பரஸும் அரிசியை விட அதிகம், தண்ணீரும் சேர்ந்திருக்கிறது. பிரசாதமாக இரண்டு ஸ்பூன், அவ்வளவுதான்.

கடையில் 65 மில்லி குட்டிப் பாட்டிலில் வரும் பாக்டீரியா பானத்தில் சர்க்கரை சேர்த்திருப்பார்கள். சர்க்கரை நோயாளிக்கு வேண்டாம்.

எல்லாவற்றையும் விட மோசமான பள்ளம் ஒன்று சொல்கிறேன். ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று ஒரு பாக்கெட் வருகிறது. உப்பைக் குறைக்கச் சொன்னார்களே என்று ஆசையோடு வாங்கினேன். சோடியத்துக்குப் பதிலாக அதில் சேர்ப்பது பொட்டாசியம் குளோரைடு. ஆரோக்கியமானவருக்கு நல்லது, டயாலிசிஸ் செய்பவருக்கு விஷத்துக்குச் சமம். இந்துப்பிலும் இருப்பது பெரும்பாலும் சோடியம்தான், அதனால் லாபம் ஒன்றும் இல்லை.

6. பெட்டியைப் படியுங்கள்

இவ்வளவுக்குப் பிறகும் மருத்துவர் ‘பார்க்கலாம்’ என்றால், அப்போது கடைக்குப் போகலாம். பெட்டியில் பார்க்க வேண்டியவை:

பாக்டீரியாவின் முழுப் பெயர். சிறுநீரக நோயாளிக்கென்று விற்கும் மாத்திரைகளில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ், லாக்டோபேசிலஸ் அசிடோஃபிலஸ், பிஃபிடோபாக்டீரியம் லாங்கம் போன்ற பெயர்கள் இருக்கும். பெயரே போடாமல் ‘நல்ல பாக்டீரியா கலவை’ என்று இருந்தால் திருப்பி வைத்துவிடுங்கள். சாக்கரோமைசிஸ் என்ற சொல் கண்ணில் பட்டால் நான்காம் படியை நினைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணிக்கை. இத்தனை கோடி என்று போட்டிருப்பது தயாரித்த நாளிலா, காலாவதி நாள் வரையிலா? காலாவதி வரை உறுதி என்று இருந்தால் நல்லது.

உடன் சேர்த்த பொருட்கள். ‘சிறுநீரகக் காப்பு’ என்ற பெயரில் மூக்கிரட்டை போன்ற மூலிகைச் சாறுகளைச் சேர்த்து விற்கிறார்கள். அது வேண்டாம், மூலிகை சேராததாகக் கேளுங்கள்.

பெட்டியின் மூலையில் 14 இலக்க உணவு உரிம எண்ணும், ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரியும் இருக்கும். அது இருந்தால், சட்டப்படி அது உணவுத் துணைப்பொருள். மேலே சிறுநீரகப் படம் பெரிதாகவும் இந்த வரி எறும்பு அளவிலும் இருப்பதை நான் ஐந்து மாதம் கவனிக்கவில்லை.

வெப்பம். பல பெட்டிகளில் 25 டிகிரிக்குக் கீழே வைக்கச் சொல்லியிருக்கும். நம் ஊர்க் கத்திரி வெயிலில் டெலிவரி வண்டியின் பெட்டிக்குள் அரை நாள் கிடந்தால் உள்ளே எவ்வளவு உயிரோடு இருக்கும்? ஏப்ரல், மே, ஜூன் மாதங்களில் இணையத்தில் வாங்காதீர்கள். குளிர்பதனப் பெட்டியும் ஏசியும் உள்ள கடையில், மாலையில் போய், 10 மாத்திரை மட்டும் வாங்குங்கள். முழுப் பெட்டிதான் தருவேன் என்றால் வேறு கடை.

7. எங்கே, எப்போது, எவ்வளவு

அரசு மருத்துவமனையில் இந்த ஆலோசனைக்குக் காசு இல்லை. நமக்குப் பக்கத்தில் ஸ்டான்லி, சென்ட்ரலுக்கு எதிரே ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை. திருவொற்றியூர், தண்டையார்பேட்டைப் பக்கம் இருப்பவர்களுக்கு விம்கோ நகர் மெட்ரோ வந்த பிறகு இரண்டுமே எளிது. நெஃப்ராலஜி ஓபி எந்தெந்த நாள் என்று முதலில் கேட்டுக்கொண்டு, காலை எட்டு மணிக்கு முன் சீட்டு வாங்க நில்லுங்கள். டயாலிசிஸ் நாளன்று ஓபிக்கும் போய்விடலாம் என்று நினைக்காதீர்கள். நான்கு மணி நேரம் இயந்திரத்தில் கிடந்தவரை வரிசையில் நிறுத்த முடியாது. உணவு ஆலோசகர் தனி அறையில் இருப்பார், பலர் அங்கே போவதே இல்லை. எனக்கு அதிகம் உதவியது அந்த அறைதான்.

தனியாரிடம் டயாலிசிஸ் செய்து பணம் கரைகிறது என்றால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையை முதலில் எடுங்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ரேஷன் அட்டை, குடும்பத்தினரின் ஆதார், வருமானச் சான்று வேண்டும். அட்டை பதிவு செய்யும் இடம் ராஜாஜி சாலையில் உள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலகம். சந்தேகத்துக்கு 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண். டயாலிசிஸ் இதில் அடங்கும். புரோபயாடிக் எங்களுக்குக் கைக்காசுதான்.

8. மூன்று மாதம் மட்டும் சோதித்துப் பாருங்கள்

தொடங்கும் நாள், முடிக்கும் நாள் இரண்டையும் நாட்காட்டியில் வட்டமிடுங்கள். அந்த மூன்று மாதத்தில் வேறு எந்தப் புது மருந்தையும் உணவையும் சேர்க்காதீர்கள். சேர்த்தால் எது வேலை செய்தது என்று தெரியாது. ஆன்டிபயாட்டிக் போட வேண்டி வந்தால் இரண்டுக்கும் இடையே குறைந்தது இரண்டு மணி நேரம் விடுங்கள்.

பரிசோதனையில் ஒரு சூட்சுமம். நாங்கள் மாத்திரை தொடங்கிய முதல் மாதம் யூரியா பாதியாகக் குறைந்திருந்தது. வீட்டில் பாயசம் வைத்தேன். பிறகு பார்த்தால், அந்த முறை இரத்தத்தை டயாலிசிஸ் முடிந்த பிறகு எடுத்திருக்கிறார்கள். ஆகவே ஒப்பிடும் இரண்டு தாளும் டயாலிசிஸுக்கு முன் எடுத்ததாக, அதே கிழமையில் எடுத்ததாக இருக்க வேண்டும். வாரம் இரண்டு முறை செய்பவருக்கு இடைவெளி ஒரு பக்கம் மூன்று நாள், மறுபக்கம் நான்கு நாள். கிழமை மாறினாலே எண் மாறும். யூரியா குறைந்து ஆல்புமினும் எடையும் சேர்ந்து குறைந்தால், அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்றே பொருள். பாரா-கிரெசில் சல்பேட்டை நாம் போகும் சாதாரண லேபில் பார்க்க முடியாது, தேடி அலைய வேண்டாம். பசி, வாய்க் கசப்பு, மலம் போகும் ஒழுங்கு, தூக்கம் இவற்றை வாரம் ஒரு முறை எழுதுங்கள். மூன்று மாதத்தில் இவற்றில் மாற்றம் இல்லை என்றால் நிறுத்திவிடலாம்.

காய்ச்சல், குளிர் நடுக்கம், நிற்காத வயிற்றுப்போக்கு, மலத்தில் இரத்தம், வயிற்று வழி டயாலிசிஸ் செய்பவருக்குப் பையில் கலங்கலான நீர்: இவற்றில் ஒன்று வந்தாலும் மூன்று மாதக் கணக்கெல்லாம் பார்க்காமல் அன்றே மாத்திரையை நிறுத்தி மருத்துவமனைக்குப் போங்கள். இரவாக இருந்தால் 108. அங்கே மருத்துவரிடம் என்ன பாக்டீரியா சாப்பிட்டார் என்று பெட்டியைக் காட்டுங்கள். இரத்தத்தில் எந்தக் கிருமியைத் தேடுவது என்று தெரிய அது அவர்களுக்கு உதவும்.

நாங்கள் நிறுத்தியபோது 14 மாத்திரை மீந்தது. டயாலிசிஸ் வார்டில் பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி கேட்டார், ‘வீணாகத்தானே போகிறது, கொடுங்கள் அக்கா’ என்று. அவர் கணவர் கழுத்தில் வெள்ளைப் பிளாஸ்திரிக்குக் கீழே குழாய் தெரிந்தது. கொடுக்கவில்லை. உணவு ஆலோசகர் இருக்கும் அறை எண்ணை எழுதிக் கொடுத்தேன்.